உங்களுக்குத் தெரியுமா? நெருங்க நெருங்கக் கூடும் வேகம்!

பூமி சூரியனைச் சுற்றுகிறது, நிலா பூமியைச் சுற்றுகிறது என்று சின்ன வகுப்பிலேயே படித்துவிட்டோம். அந்தச் சுற்றுப்பாதை சரியான வட்டமாக அமைவது அபூர்வம். கொஞ்சமாவது நீண்ட வட்டமாகத்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் மிக நெருங்கும் இடம் ஒன்றும், மிக விலகும் இடம் ஒன்றும் உண்டு. நெருங்கும் இடம் அண்மைநிலை, விலகும் இடம் சேய்மைநிலை. அண்மைநிலை என்றதும் எல்லோருக்கும் தூரம்தான் நினைவுக்கு வரும். அங்கே உச்சத்துக்குப் போவது வேகமும்தான். நம் வீட்டு நாள்காட்டி முதல் சந்திரயான் வரை அந்த வேகத்தின் கைவரிசை இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மார்கழிக் குளிரில் சூரியன் பக்கத்தில்!

பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். அப்போது இடைவெளி சுமார் 14.71 கோடி கி.மீ. ஜூலை முதல் வாரத்தில் அதுவே 15.21 கோடி கி.மீ. ஆகிவிடும். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் மார்கழியில் நாம் ஜூலையைவிட 50 லட்சம் கி.மீ. நெருக்கத்தில் இருக்கிறோம். கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதத்திலோ, ஜனவரி இடைவெளியைவிடச் சுமார் 40 லட்சம் கி.மீ. தள்ளிப் போயிருப்போம். குளிரையும் வெயிலையும் தீர்மானிப்பது பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதுதான். ஜனவரியில் வட பாதி சூரியனுக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்திருக்கிறது. வெயில் சரிவாக விழுகிறது, பகலும் குறுகிவிடுகிறது.

தெற்குக் கோடை ஏன் கொளுத்தவில்லை?

ஜனவரியில் பூமிக்குக் கிடைக்கும் சூரிய ஒளி ஜூலையைவிட ஏறத்தாழ 7 சதவீதம் அதிகம். ஆஸ்திரேலியாவும் தென் ஆப்பிரிக்காவும் இருக்கும் தென் பாதிக்கு அதுதான் கோடை. அங்கே கோடை நம்முடையதைவிடக் கடுமையாக இருக்க வேண்டுமே? அப்படி ஆவதில்லை. தென் பாதியில் கடல் மிகுதி. கடல் மெல்லத்தான் சூடேறும். வட பாதியில் நிலம் மிகுதி. நிலம் சட்டென்று சூடேறிவிடும். இதனால் பூமி முழுவதன் சராசரி வெப்பநிலை, சூரியனை விட்டு விலகி நிற்கும் ஜூலையில்தான் உச்சத்தைத் தொடுகிறது.

8 நிமிடக் கோணம் தந்த விதி

டென்மார்க்கின் டைக்கோ பிராகி, தொலைநோக்கி வருவதற்கு முன்பே, வெறும் கண்ணாலும் கோணமானிகளாலும் செவ்வாயின் இடத்தை ஆண்டுக்கணக்கில் அளந்து வைத்தார். அந்த அளவுகளை வைத்துக்கொண்டு யோஹன்னஸ் கெப்ளர் செவ்வாய்க்கு வட்டப் பாதை போட்டுப் பார்த்தார். கணக்குக்கும் அளவுக்கும் 8 நிமிடக் கோணம் உதைத்தது. முழு நிலாவின் அகலத்தில் அது கால்வாசிதான். டைக்கோ அவ்வளவு தவறியிருக்க மாட்டார் என்று கெப்ளர் உறுதியாக நம்பினார். வட்டத்தைக் கைவிட்டார், நீள்வட்டத்துக்கு வந்தார். 1609-ல் வெளியான அவர் நூல் இரண்டு விதிகளைச் சொன்னது. கோள்களின் பாதை நீள்வட்டம் என்பது ஒன்று. சூரியனையும் கோளையும் இணைக்கும் கோடு சம நேரத்தில் சம பரப்பைக் கடக்கும் என்பது மற்றொன்று. கோடு குட்டையாக இருக்கும்போது அதே பரப்பைக் கடக்க வேண்டுமானால் கோள் விரைந்தாக வேண்டும். பூமி ஜனவரியில் விநாடிக்கு 30.3 கி.மீ. வேகத்தில் போகிறது, ஜூலையில் 29.3 கி.மீ.

ஆனிக்கு 32, மார்கழிக்கு 29

தினசரிக் காலண்டரைப் புரட்டிப் பாருங்கள். ஆனி மாதத்துக்குப் பெரும்பாலும் 32 நாள். மார்கழிக்குப் பெரும்பாலும் 29 நாள். தமிழ் மாதம் என்பது சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலம். ஒவ்வொரு ராசிக்கும் 30 டிகிரிதான். கூடக் குறைய இல்லை. மார்கழியில் பூமி விரைவதால் சூரியன் தனுசு ராசியை விரைவாகக் கடப்பதுபோல் நமக்குத் தெரிகிறது. ஆனியில் பூமி தளர்ந்து நடப்பதால் மிதுன ராசியைக் கடக்க நாள் இழுக்கிறது. பழைய கணக்குப்படி ஆனிக்கு 31 நாளும் 36 நாழிகையும் சொச்சம். மார்கழிக்கு 29 நாளும் 20 நாழிகையும் சொச்சம். ஆங்கில மாதங்களுக்கு 30, 31 என்று மனிதர்கள் ஒதுக்கிக்கொடுத்தார்கள். தமிழ் மாதத்தின் நீளத்தை பூமியின் ஓட்டமே வகுத்துக்கொடுக்கிறது.

வட பாதிக்கு ஒரு வாரம் போனஸ்

இரவும் பகலும் சமமாக இருக்கும் மார்ச் நாளிலிருந்து செப்டம்பர் நாள் வரை சுமார் 186 நாட்கள். அங்கிருந்து மறுபடி மார்ச் வரை சுமார் 179 நாட்கள்தான். பூமி தன் பாதையின் குளிர்காலப் பாதியை வேகமாக ஓடிக் கடந்துவிடுவதே காரணம். நியூயார்க்கும் லண்டனும் டோக்கியோவும் ஆண்டுதோறும் ஒரு வாரம் கூடுதலாக வெயில்காலத்தை அனுபவிக்கின்றன.

வாக்கியப் பஞ்சாங்கத்தின் 248

நிலா பூமிக்கு மிக அருகே வந்து, விலகி, மறுபடி மிக அருகே வர 27.55 நாட்கள் ஆகும். இதை 9-ஆல் பெருக்குங்கள்: 248 நாள், ஏறக்குறைய துல்லியமாக! 248 நாளுக்கு ஒருமுறை நிலாவின் வேகமும் தளர்ச்சியும் அதே வரிசையில் திரும்ப வரும். தென்னிந்தியக் கணிதர்கள் இதைக் கண்டுபிடித்து, நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்களை அமைத்தார்கள். எழுத்துகளுக்கு எண் மதிப்புக் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் அன்றைய நிலாவின் இருப்பிடத்தை வைத்தார்கள். வரருசி இயற்றியவை என்று மரபு சொல்லும் இவற்றை, 14-ம் நூற்றாண்டில் கேரளத்தின் மாதவர் மேலும் நுட்பமாக்கினார். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் இப்படி வந்ததுதான்.

இந்தக் கணக்கு நடப்பதை நேரில் கண்டவர் ஜான் வாரன். 1825-ல் வெளியான ‘கால சங்கலிதம்’ நூலில் அவர் அதைப் பதிவு செய்திருக்கிறார். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி உட்கார்ந்தார். மனப்பாடமாக வைத்திருந்த எண்களைக் கொண்டு சோழிகளை நகர்த்தி நகர்த்தியே, வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார். காகிதமும் இல்லை, எழுதுகோலும் இல்லை. இப்படிப்பட்ட அறிவை மனப்பாடத்திலேயே காத்து வந்தவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள்.

ஆரியபட்டர் தந்த எண்

நிலாவின் அண்மைநிலையும் சேய்மைநிலையும் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதில்லை. சூரியனின் ஈர்ப்பு அவற்றைத் தள்ளிக்கொண்டே போகிறது. ஒரு முழுச் சுற்று வர 8.85 ஆண்டுகள் ஆகும். ஆரியபட்டர், 43,20,000 ஆண்டுகள் கொண்ட மகாயுகத்தில் நிலாவின் உச்சம், அதாவது சேய்மைநிலை, 4,88,219 முறை சுற்றும் என்று எழுதினார். வகுத்துப் பாருங்கள், அதே 8.85 வரும். 1,500 ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கு இது.

சூப்பர் மூன் எவ்வளவு பெரிது?

நிலா அண்மைநிலையில் சராசரியாக 3.63 லட்சம் கி.மீ. தூரத்தில் இருக்கும்; சேய்மைநிலையில் 4.05 லட்சம் கி.மீ. அண்மையில் வரும் பௌர்ணமி நிலா, சேய்மையில் வரும் பௌர்ணமி நிலாவைவிட 14 சதவீதம் வரை பெரிதாகவும், 30 சதவீதம் வரை பிரகாசமாகவும் தெரியும். 2016 நவம்பர் 14 அன்று நிலா 3,56,509 கி.மீ. வரை நெருங்கியது. 1948 ஜனவரிக்குப் பிறகு அவ்வளவு நெருக்கமான பௌர்ணமி அதுதான். அதைவிட நெருக்கமான பௌர்ணமி 2034 நவம்பர் 25 அன்று வருகிறது.

இரண்டு நிலாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாததால் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது. செல்போன் கேமராவில் ஒரே ஜூம் வைத்து, அண்மைப் பௌர்ணமி ஒன்றையும் சேய்மைப் பௌர்ணமி ஒன்றையும் படமெடுத்து ஒட்டிப் பாருங்கள். அப்போது தெரியும். இரண்டுக்கும் இடையே சுமார் 7 மாதம் காத்திருந்தால் போதும்.

சூயஸில் கைகொடுத்த நிலா

2021 மார்ச் 23 அன்று 400 மீட்டர் நீளமுள்ள ‘எவர் கிவன்’ சரக்குக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே திரும்பி, மூக்கைக் கரையில் செருகிக்கொண்டது. உலக வணிகத்தின் முக்கியமான நீர்வழி அடைபட்டது. இருபுறமும் நூற்றுக்கணக்கான கப்பல்கள் வரிசை கட்டின. மீட்புக் குழுவினர் கப்பலின் முன்பகுதியைச் சுற்றி சுமார் 30,000 கன மீட்டர் மணலை அள்ளினார்கள். இழுவைப் படகுகள் இழுத்தன. கப்பல் அசைந்து கொடுக்கவில்லை.

மார்ச் 28 பௌர்ணமி. மார்ச் 30 அன்று நிலாவுக்கு அண்மைநிலை. இரண்டும் அடுத்தடுத்து வந்ததால் கடல் ஏற்றம் வழக்கத்தைவிடக் கூடியது. நிலா கடலை இழுத்து எழுப்பும் விசை, தூரம் குறையக் குறைய மிக விரைவாகக் கூடும். சேய்மையைவிட அண்மையில் அது சுமார் 40 சதவீதம் அதிகம். மார்ச் 29 அன்று உயர்ந்து வந்த நீரின் துணையோடு இழுவைப் படகுகள் கப்பலை மிதக்க வைத்தன. ஆறு நாள் பட்ட பாட்டுக்குப் பலன் கிடைத்ததில் நிலாவுக்கும் பங்கு உண்டு.

ஆறு மாதத்தில் இரண்டு சாதனைக் கிரகணங்கள்

2009 ஜூலை 22 அன்று வந்தது முழுச் சூரிய கிரகணம். சூரத், வாராணசி, பாட்னா வழியாகச் சீனாவுக்குப் போன அந்த நிழல், பசிபிக் கடலில் 6 நிமிடம் 39 விநாடி வரை நீடித்தது. 21-ம் நூற்றாண்டின் மிக நீண்ட முழுக் கிரகணம் அதுதான். 2010 ஜனவரி 15 அன்று வந்தது கங்கண கிரகணம். இந்தியப் பெருங்கடலில் அது 11 நிமிடம் 8 விநாடி நீடித்தது. இந்த ஆயிரமாண்டின் மிக நீண்ட கங்கண கிரகணம் அதுவே. கன்னியாகுமரி, தனுஷ்கோடி, யாழ்ப்பாணம் எல்லாம் அதன் பாதையில் இருந்தன. தனுஷ்கோடியில் நடுப்பகல் சூரியன் சுமார் 10 நிமிடம் நெருப்பு வளையமாக நின்றது.

ஆறே மாதத்தில் இரண்டு சாதனைகள் எப்படி? ஜூலை 2009-ல் பூமி சூரியனை விட்டு விலகியிருந்தது. சூரியன் சற்றுச் சிறிதாகத் தெரிந்தது. நிலாவோ முந்தின நாள்தான் அண்மைநிலையைத் தொட்டிருந்தது, பெரிதாகத் தெரிந்தது. பெரிய நிலா சிறிய சூரியனை முழுதாக, நீண்ட நேரம் மறைத்தது. ஜனவரி 2010-ல் எல்லாம் தலைகீழ். பூமி அண்மைநிலையைக் கடந்து 12 நாள்தான், சூரியன் பெரிது. நிலாவுக்கு இரண்டு நாளில் சேய்மைநிலை, நிலா சிறிது. சிறிய நிலாவால் பெரிய சூரியனை மூட முடியாமல், ஓரம் வளையமாக மிஞ்சியது.

ஐன்ஸ்டைனின் இதயத்தைப் படபடக்க வைத்த 43

புதன் சூரியனை நெருங்கும்போது 4.6 கோடி கி.மீ., விலகும்போது 7 கோடி கி.மீ. அதன் அண்மைநிலை ஒவ்வொரு சுற்றிலும் துளித்துளியாக நகர்கிறது. மற்ற கோள்களின் ஈர்ப்பை எல்லாம் கணக்கில் எடுத்த பிறகும், நூறு ஆண்டுக்கு 43 விநாடிக் கோணம் மிச்சம் நின்றது. ஒரு டிகிரி சேர 8,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அவ்வளவு சின்ன மிச்சம்.

இந்த மிச்சம் இருப்பதை 1859-ல் எடுத்துக்காட்டியவர் பிரான்ஸின் லெ வெரியே. காகிதக் கணக்கிலேயே நெப்டியூனின் இருப்பிடத்தைச் சொன்னவர் அவர். புதனுக்கும் சூரியனுக்கும் நடுவே இன்னொரு கோள் இருக்கும் என்று எண்ணினார். கிராமத்து மருத்துவர் ஒருவர் அதைப் பார்த்ததாகவும் சொன்னார். ‘வல்கன்’ என்று பெயர்கூட வைத்தாயிற்று. பல ஆண்டுகள் தேடியும் அப்படி ஒரு கோள் அகப்படவில்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தன் பொதுச் சார்பியல் கோட்பாட்டை வைத்துக் கணக்குப் போட்டார். வேறு எதையும் சேர்க்காமல் 43 வந்து நின்றது. தன் இதயம் படபடத்தது என்று பின்னால் நண்பரிடம் சொன்னார். ஈர்ப்பைப் பற்றிய புதிய கொள்கைக்குக் கிடைத்த முதல் வெற்றி, ஒரு கோளின் அண்மைநிலையிலிருந்து கிடைத்தது.

சூரியன் பின்னோக்கிப் போகும் வானம்

புதன் தன்னைத்தானே மிக மெல்லச் சுழல்கிறது. அண்மைநிலையில் அது சூரியனைச் சுற்றும் வேகம் அந்தச் சுழற்சியை மிஞ்சிவிடும். புதனின் தரையில் ஒருவர் நின்றால், சூரியன் நடுவானில் நின்று, சில நாள் பின்னோக்கிப் போய், மறுபடி முன்னே நகர்வதைக் காணலாம். சில இடங்களில் சூரியன் உதித்து, அதே அடிவானத்தில் மறைந்து, மீண்டும் உதிக்கும்.

செவ்வாயின் புழுதிக் காலம்

செவ்வாயின் அண்மைநிலை 20.66 கோடி கி.மீ.; சேய்மைநிலை 24.92 கோடி கி.மீ. அண்மையில் அதற்குக் கிடைக்கும் வெயில் சேய்மையைவிட சுமார் 45 சதவீதம் அதிகம். காற்று சூடேறி எழும்புகிறது, புழுதி கிளம்புகிறது, சில ஆண்டுகளில் கோள் முழுவதையும் புழுதி மூடிவிடுகிறது. 2018 செப்டம்பரில் வந்த அண்மைநிலைக்கு முன்பே, ஜூன் மாதம் அப்படியொரு புயல் எழுந்தது. சூரியத் தகடுகளை நம்பி ஓடிய ‘ஆப்பர்சூனிட்டி’ ஊர்தியிலிருந்து ஜூன் 10-க்குப் பிறகு தகவல் வரவில்லை. 90 நாள் உழைப்பதற்காக 2004-ல் இறக்கிவிடப்பட்டது, 14 ஆண்டுகளுக்கு மேல் உழைத்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

சந்திரயான் ஏன் பூமியைச் சுற்றிச் சுற்றி வந்தது?

சந்திரயான்-3 திட்டத்துக்கு விழுப்புரத்துக்காரர் ப. வீரமுத்துவேல் இயக்குநர். 2023 ஜூலை 14 அன்று கிளம்பிய கலம் நேரே நிலாவுக்குப் போகவில்லை. முதல் பாதையில் அண்மை 170 கி.மீ., சேய்மை 36,500 கி.மீ. அதன்பின் பெரும்பாலும் அண்மைநிலைக்கு வரும் நேரம் பார்த்து எஞ்சினை இயக்கினார்கள். ஜூலை 25-ல் சேய்மை 1,27,600 கி.மீ. ஆனது. ஆகஸ்ட் 1 அன்று நள்ளிரவு தாண்டியதும், மறுபடியும் அண்மைநிலையில், நிலாவை நோக்கித் தள்ளிவிட்டார்கள்.

அண்மைநிலையைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். அந்த முதல் பாதையில் கலத்தின் வேகம் அண்மையில் விநாடிக்கு 10 கி.மீ.க்கு மேல், சேய்மையில் 1.6 கி.மீ.கூட இல்லை. எஞ்சின் ஒரு நிமிடம் எரிந்தால் எங்கும் ஒரே அளவு எரிபொருள்தான் செலவாகும். விரையும் கலம் அந்த ஒரு நிமிடத்தில் அதிக தூரம் கடக்கிறது. எஞ்சினின் தள்ளுவிசை அவ்வளவு தூரமும் வேலை செய்கிறது. அதனால் கலத்துக்குச் சேரும் ஆற்றல் பல மடங்கு. இதை விளக்கியவர் ஹெர்மன் ஓபர்த். அவர் பெயரிலேயே ஓபர்த் விளைவு என்கிறார்கள். மாபெரும் ராக்கெட் இல்லாமல் செவ்வாய்க்கும் நிலாவுக்கும் போன இஸ்ரோ இதை அழகாகப் பயன்படுத்திக்கொண்டது.

இறங்கும்போதும் அண்மைநிலைதான் வாசல். ஆகஸ்ட் 23 அன்று சந்திரயானின் இறங்குகலமான விக்ரம் நிலாவைச் சுற்றிய பாதை 25 கி.மீ.க்கும் 134 கி.மீ.க்கும் இடைப்பட்டது. தரைக்கு நெருங்கிய அந்தப் பகுதியில் இறங்கத் தொடங்கி, மாலை 6:04 மணிக்குக் கால் பதித்தது.

ஸ்புட்னிக் விழுந்தது, வான்கார்டு நிற்கிறது

முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக்-1 பூமிக்கு 215 கி.மீ. உயரம் வரை தாழ்ந்து வந்தது. அந்த உயரத்திலும் மெல்லிய காற்று உண்டு. ஒவ்வொரு முறை தாழும்போதும் காற்று கொஞ்சம் வேகத்தைப் பிடுங்கிக்கொள்ள, மறுமுனையில் சேய்மை குறைந்துகொண்டே வந்தது. மூன்றே மாதத்தில், 1958 ஜனவரி 4 அன்று எரிந்து விழுந்தது. அதே 1958-ல் ஏவப்பட்ட வான்கார்டு-1 எடை ஒன்றரைக் கிலோதான். அதன் அண்மைநிலை 650 கி.மீ. உயரம். இன்றும் சுற்றிக்கொண்டிருக்கும் மிகப் பழைய செயற்கைக்கோள் அதுதான்.

ரஷ்ய வடக்குக்கு ஒரு குறுக்குவழி

நிலநடுக்கோட்டுக்கு மேல் நிற்கும் செயற்கைக்கோள்கள் துருவத்தை ஒட்டிய ஊர்களுக்குச் சரியாகப் பயன்படா. சோவியத் பொறியாளர்கள் 1960-களில் ‘மோல்னியா’ பாதையைக் கொண்டுவந்தார்கள். தெற்கே சுமார் 500 கி.மீ. உயரத்தில் அண்மைநிலை, வடக்கே சுமார் 40,000 கி.மீ. உயரத்தில் சேய்மைநிலை. 12 மணி நேரச் சுற்றில் தெற்கை விருட்டென்று கடந்துவிட்டு, வடக்கே மணிக்கணக்கில் நிற்கும். பாதையின் சாய்வு 63.4 டிகிரி, அந்தச் சாய்வில் அண்மைநிலை இடம் மாறாது.

சூரியனைத் தொடப் போன கலம்

2024 டிசம்பர் 24 அன்று நாசாவின் பார்க்கர் கலம் சூரியப் பரப்பிலிருந்து 61 லட்சம் கி.மீ. தூரத்துக்குப் போனது. அதன் வேகம் விநாடிக்கு 192 கி.மீ. அந்த வேகத்தில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு நான்கே விநாடி. மனிதர் செய்த எந்தப் பொருளும் அதற்கு முன் அவ்வளவு வேகமாகப் போனதில்லை. கார்பன் கலவையாலான 11 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரு கேடயம், கருவிகளை வெப்பத்திலிருந்து காத்தது.

அங்கே போவது சுலபமாக இருக்கவில்லை. பூமியோடு சேர்ந்து கிடைத்த விநாடிக்கு 30 கி.மீ. பக்கவாட்டு வேகத்தைக் குறைத்தால்தான் சூரியனை நெருங்க முடியும். அதற்காகக் கலம் வெள்ளியை ஏழு முறை உரசிச் சென்று வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைத்தது.

கலத்துக்குப் பெயர் தந்த யூஜின் பார்க்கர், சூரியனிலிருந்து ஒரு காற்று ஓயாமல் வீசுகிறது என்று 1958-ல் எழுதினார். மதிப்பீட்டாளர்கள் இருவர் அந்தக் கட்டுரையை நிராகரிக்கச் சொன்னார்கள். இதழாசிரியர் கணக்கைச் சரிபார்த்தார்; தவறு இல்லை என்று கண்டு துணிந்து வெளியிட்டார். அந்த ஆசிரியர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர்.

தப்பியதும் தப்பாததும்

2011 டிசம்பரில் ‘லவ்ஜாய்’ வால் நட்சத்திரம் சூரியப் பரப்பிலிருந்து 1.4 லட்சம் கி.மீ. உயரத்தில் உரசிச் சென்று மறுபக்கம் வெளிவந்தது. எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். 2013 நவம்பர் 28 அன்று ‘ஐசான்’ அதைவிட எட்டு மடங்கு தூரத்தில்தான் கடந்தது, ஆனாலும் சிதறிப்போனது. எது பிழைக்கும் என்பதைத் தூரத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

நெப்டியூனை முந்திய புளூட்டோ

1979 முதல் 1999 வரை 20 ஆண்டுகள் புளூட்டோ நெப்டியூனைவிடச் சூரியனுக்கு அருகில் இருந்தது. 1989 செப்டம்பரில் அண்மைநிலையைத் தொட்டது; அடுத்தது 2237-ல். புளூட்டோவுக்கும் அப்பால் சுற்றும் ‘செட்னா’ 2076 வாக்கில் அண்மைநிலைக்கு வரும். அப்போதும் அது சூரியனிலிருந்து, பூமி இருக்கும் தூரத்தைப்போல 76 மடங்கு தள்ளித்தான் இருக்கும். அதன் ஒரு சுற்றுக்கு 11,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்த அரிய நேரம் இந்த நூற்றாண்டில் அமைந்தது நம் பேறு.

ஆறு மணி நேரத்தில் 700 டிகிரி

ஹெச்டி 80606 என்ற நட்சத்திரத்தை வியாழன் போன்ற ஒரு வாயுக் கோள் 111 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. பாதை அதீத நீள்வட்டம். அண்மைநிலையை நெருங்கும்போது, ஆறே மணி நேரத்தில் அதன் வெப்பம் சுமார் 500 டிகிரி செல்சியஸிலிருந்து 1,200 டிகிரிக்கு ஏறியதை ‘ஸ்பிட்சர்’ விண்வெளித் தொலைநோக்கி பதிவு செய்தது.

கருந்துளையைச் சுற்றும் நட்சத்திரம்

நம் பால்வீதியின் நடுவில் சுமார் 40 லட்சம் சூரியன்களின் நிறையுள்ள கருந்துளை இருக்கிறது. ‘எஸ்2’ என்ற நட்சத்திரம் அதை 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது. 2018 மே மாதம் அண்மைநிலைக்கு வந்தபோது அதன் வேகம் விநாடிக்கு சுமார் 7,650 கி.மீ. புதனைப்போலவே இதன் அண்மைநிலையும் நகர்கிறது என்பதும், அது ஐன்ஸ்டைன் கணக்குக்குப் பொருந்துகிறது என்பதும் 2020-ல் உறுதியாயின. கருந்துளையைச் சுற்றும் நட்சத்திரங்களைப் பல பத்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்த ரெய்ன்ஹார்ட் கென்செலும் ஆண்ட்ரியா கெஸும் அதே ஆண்டு நோபல் பரிசு பெற்றார்கள்.

ஜனவரியிலேயே நிற்காது

பூமியின் அண்மைநிலை என்றைக்கும் ஜனவரியிலேயே நின்றுவிடாது. ஏறத்தாழ 58 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் அது பிந்திய தேதிக்கு நகர்கிறது. 1246 வாக்கில் அது டிசம்பர் மாதம், ஆண்டின் மிகக் குறுகிய பகல் நாளோடு ஒத்திருந்தது. சுமார் 21,000 ஆண்டில் பருவங்கள் எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றிவிடும். சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் வட பாதியின் கோடையில் அண்மைநிலை அமைந்தது. நிலம் கூடுதலாகச் சூடேறி, பருவமழை வலுத்தது. இன்று பாலைவனமாகக் கிடக்கும் சகாராவில் அந்தக் காலத்தில் ஏரிகளும் புல்வெளிகளும் இருந்தன. இத்தகைய மாற்றங்களுக்கும் பனியுகங்களுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டுக் காட்டியவர் செர்பியாவின் மிலுட்டின் மிலன்கோவிச்.

ஹாலி திரும்பி வருகிறது

1682-ல் தெரிந்த வால் நட்சத்திரமும், 1531-லும் 1607-லும் தெரிந்தவையும் ஒன்றே என்று எட்மண்ட் ஹாலி சொன்னார்; 1758-ல் மறுபடி வரும் என்றார். 1742-லேயே அவர் காலமாகிவிட்டார். சரியாக எப்போது அண்மைநிலையைத் தொடும் என்று கணிக்க பாரிஸில் மூவர் உட்கார்ந்தார்கள்: கிளேரோ, லாலாந்த், நிக்கோல்-ரென் லெபோத். வியாழனும் சனியும் வழியில் எப்படியெல்லாம் இழுக்கும் என்பதை மாதக்கணக்கில் கையாலேயே போட்டார்கள். அந்த இரு கோள்களும் சேர்ந்து 618 நாள் தாமதப்படுத்தும் என்று கண்டார்கள். 1759 ஏப்ரல் நடுவில், ஒரு மாதம் முன்பின்னாக வரலாம் என்று அறிவித்தார்கள். 1758 கிறிஸ்துமஸ் இரவில் ஜெர்மனியின் விவசாயி பாலிட்ச் அதை முதலில் கண்டார். 1759 மார்ச் 13 அன்று அது அண்மைநிலையைத் தொட்டது. இந்தக் கணக்கில் பெரும்பங்கு வகித்த லெபோத் அம்மையாரின் பெயரை அறிவியல் வரலாறு இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

ஹாலி கடைசியாக அண்மைநிலையைத் தொட்டது 1986 பிப்ரவரி 9 அன்று. அப்போது பூமி சூரியனுக்கு மறுபக்கம் இருந்ததால் காட்சி மங்கலாகிப்போனது, பலருக்கும் ஏமாற்றம். 2023 டிசம்பரில் அது நெப்டியூனின் பாதைக்கும் அப்பால், தன் சேய்மையில், விநாடிக்கு ஒரு கி.மீ.கூட இல்லாத வேகத்தில் திரும்பியது. இப்போது சூரியனை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. அண்மையை எட்டும்போது அதன் வேகம் விநாடிக்கு 54 கி.மீ. ஆகியிருக்கும்.

அந்த நாள் 2061 ஜூலை 28. இம்முறை பூமியும் சூரியனும் அமையும் நிலை சாதகமாக இருப்பதால் காட்சி 1986-ஐவிட நன்றாக இருக்கும். இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அதைத் தெளிவாகப் பார்க்கலாம். தேதியை அவர்களுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.